பீம்பேட்காவுக்கு நண்பர்களோடு ஒரு கார் பயணம்: ஆதி மனிதர் வரைந்த குகைகளை நிதானமாகப் பார்க்க முழு வழிகாட்டி

போபால் போகிறவர்களில் பெரும்பாலோர் பீம்பேட்காவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். காலையில் சாஞ்சி, மதியம் பீம்பேட்கா, சாயங்காலம் போஜ்பூர் என்று ஒரே நாளில் மூன்றையும் அடுக்கிவிடுவார்கள். பாறைக்கு முன் ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "என்னடா, சின்னச் சின்னதா மாடு வரைஞ்சு வெச்சிருக்கான்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் அங்கே இருப்பது மங்கிய சிவப்புக் கோடுகள்தான்.

அதனால் இந்தப் பயணத்தை வேறு மாதிரி அமைக்கலாம். முதல் நாள் போபாலிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலை முழுவதையும் பீம்பேட்காவுக்குக் கொடுங்கள். அப்புறம் நர்மதையைத் தாண்டி ஆதம்கட் குன்று, அங்கிருந்து பச்மடி மலையூர்; இரண்டு இடத்திலும் பாறை ஓவியங்கள் உண்டு. ரயில் நேரம் போக நான்கு நாள் போதும்.

1. யார் வருகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு பேர் என்றால் சரியான கூட்டம். ஐந்து பேரும் போகலாம், ஆனால் இன்னோவா மாதிரி பெரிய வண்டி வேண்டும். எட்டுப் பேர், இரண்டு கார் என்று போனால் பாதி நேரம் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே போய்விடும்.

கூட்டத்தில் "அடுத்தது என்ன, அடுத்தது என்ன" என்று பறக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்குப் பீம்பேட்காவில் பொறுமை இருக்காது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுவது நல்லது. அவரிடம் கணக்கு எழுதும் வேலையைக் கொடுங்கள். டீசல், டோல், சாப்பாடு, அறை எல்லாம் பொதுப் பணத்திலிருந்து ஒருவர் கையால் போனால்தான் கடைசியில் சண்டை வராது. ஆளாளுக்கு ஜிபேயில் அனுப்பிக்கொண்டிருந்தால் நான்காம் நாள் யார் யாருக்குத் தர வேண்டும் என்பதே ஒரு தொல்லியல் ஆய்வாகிவிடும்.

2. எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர் நம்மூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாறைகளுக்கு நடுவில் நடக்கும்போது கீழிருந்தும் சூடு ஏறும், போகவே வேண்டாம். மழைக்காலத்தில் காடு பச்சைப் பசேல் என்றிருக்கும், ஆனால் பாறை வழுக்கும். பச்மடியிலும் காட்டுக்குள் சில இடங்களை அப்போது மூடிவிடுவார்கள்.

திங்கட்கிழமையில் போபாலில் இருக்கிற மாதிரி திட்டமிடாதீர்கள். நாம் பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

3. போபாலுக்குப் போவதும் வண்டி பிடிப்பதும்

சென்னையிலிருந்து சொந்தக் காரிலேயே போகலாமே என்று ஒருவர் ஆரம்பிப்பார். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். குகை பார்க்கும்போது முதுகு பேசும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் இரவு போபால். விமானத்தில் போகிறவர்கள் ஏதாவது ஒரு பெருநகரில் மாற வேண்டியிருக்கலாம்.

காரை டிரைவரோடு எடுப்பதையே நான் சொல்வேன். தானே ஓட்டும் வாடகைக் காரும் கிடைக்கும்தான். ஆனால் பச்மடி மலைப்பாதையை உள்ளூர்க்காரர் ஓட்டுவது நிம்மதி. வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மாநில வரி எது உள்ளே, எது வெளியே என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நால்வரில் ஒருவருக்காவது சுமாரான இந்தி தெரிந்தால் வேலை எளிது.

எடுத்துப்போக வேண்டியவை: பிடிமானமுள்ள ஷூ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு சிறிய பைனாகுலர். பைனாகுலர் எதற்கு என்று சிரிப்பார்கள். சில ஓவியங்கள் தலைக்கு மேலே பல அடி உயரத்தில் இருக்கின்றன, கம்பித் தடுப்பைத் தாண்டிக் கிட்டே போகவும் முடியாது. அங்கே போனதும் அதைத்தான் மாறி மாறிக் கேட்பார்கள்.

4. முதல் நாள்: போபாலில் கண்ணைப் பழக்குவது

காலையில் போஹா, ஜிலேபி. அவல் உப்புமாவோடு ஜிலேபியா என்று யோசிக்காமல் சாப்பிடுங்கள், அந்த ஊரில் அதுதான் காலைச் சாப்பாடு.

அதன் பிறகு ஷாம்லா குன்றின் மேல் இருக்கும் இந்திரா காந்தி தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். பெரிய ஏரிக்கு மேலே சுமார் 200 ஏக்கர் வளாகம். நாட்டின் பல பகுதிப் பழங்குடி வீடுகளை அந்தந்த மக்களையே கொண்டு அங்கே கட்டவைத்திருக்கிறார்கள். நமக்கு அதைவிட முக்கியம், வளாகத்துக்குள்ளேயே ஆதிகால ஓவியமுள்ள பாறைகள் இருப்பது. கூட்டம் இருக்காது. மங்கலான சிவப்புக் கோட்டைப் பாறையின் இயல்பான கறையிலிருந்து பிரித்துப் பார்க்கப் பழக இதைவிட நல்ல இடமில்லை. முதல் ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. அப்புறம் ஒரு கொம்பு, ஒரு கால், பிறகு முழு மான் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

பக்கத்திலேயே 2013இல் திறந்த பழங்குடியினர் அருங்காட்சியகம். கோண்டு, பீல் ஓவியங்களில் விலங்கின் உடலுக்குள்ளே கோடும் புள்ளியுமாக நிரப்பியிருப்பதைக் கவனித்து வையுங்கள். மறுநாள் பாறையிலும் உடலுக்குள் கோடு நிரப்பிய விலங்குகளைப் பார்ப்பீர்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்வது அவசரம். ஆனால் கண்ணுக்கு அந்த ஒற்றுமை பட்டுவிட்டால் பார்க்கும் விதமே மாறிவிடும்.

5. இரண்டாம் நாள்: பீம்பேட்கா

போபாலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஒபைதுல்லாகஞ்ச் தாண்டியதும் நெடுஞ்சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பி, ரயில் பாதையைக் கடந்து மலையேற வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு, ஏழரைக்கு வாசலில் இருக்கலாம். காலைச் சாய்வெயில் பாறைக்குள் விழும்போது தெரிகிற நிறம் உச்சி வெயிலில் தெரியாது. பத்தரை மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்துகள் வர ஆரம்பிக்கும்.

இந்தக் குன்றுகளைப் பற்றி 1888இலேயே ஒரு ஆங்கில அதிகாரி எழுதியிருந்தார், ஆனால் பௌத்த இடம் என்று. உஜ்ஜயினியைச் சேர்ந்த தொல்லியலாளர் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர் 1957இல் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே இந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் தான் பார்த்த ஓவியக் குகைகளின் சாயல் இருக்கிறதே என்று இறங்கி வந்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. நீங்கள் இப்போது கடந்து வந்த அதே ரயில் பாதைதான். 1970களில் அவரும் வி. என். மிஸ்ராவும் தனித்தனிக் குழுக்களாக இங்கே அகழாய்வு செய்தார்கள். பழைய கற்காலக் கைக்கோடரிகளில் தொடங்கி நுண்கற்கருவிகள் வரை அடுக்கடுக்காகக் கிடைத்தன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட பாறைப் புகலிடங்கள் உண்டு. 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நாம் நடந்து பார்க்க முடிவது எண் பலகை வைத்த 15 இடங்களை மட்டும். பாதை கல் பாவியது, பெரியவர்களும் மெதுவாக நடக்கலாம்.

வாசலில் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லதுதான், எந்த மூலையில் எது இருக்கிறது என்று காட்டுவார்கள். ஆனால் கண்ணில் படும் எல்லாவற்றையும் "முப்பதாயிரம் வருஷம்" என்று சொல்லிவிடும் வழக்கம் அங்கே உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். இங்குள்ள ஓவியங்களில் பெரும்பகுதி இடைக்கற்காலத்திலிருந்து, அதாவது சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்திலிருந்து, இடைக்கால அரசர்கள் காலம் வரை வரையப்பட்டவை. அதைவிடப் பழையவை சில உண்டு என்ற கருத்தும் இருக்கிறது, விவாதம் முடியவில்லை.

வயதை நாமே ஓரளவு கணிக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்திருந்தால் அடியில் இருப்பது பழசு. இதுதான் அடிப்படை விதி, மற்றதெல்லாம் துணைச் சான்றுதான். விலங்கு பெரிதாக, உயிரோட்டமாக, உடலுக்குள் கோடும் கட்டமும் நிரப்பி, பக்கத்தில் மனிதன் குச்சி குச்சியாக வில்லோடு நின்றால் பெரும்பாலும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் வரைந்தது. சில விலங்குகளின் வயிற்றுக்குள் குட்டியையும் வரைந்திருப்பார்கள். மாட்டுக்குத் திமில் வந்து, மாளவப் பகுதிச் செம்புக்கால மண்பாண்டங்களில் உள்ள மாதிரி கோலங்கள் தெரிந்தால் உழவர்களோடு பழக்கம் வந்துவிட்டது என்று பொருள். குதிரை மேல் ஆள், கையில் வாள், கேடயம் என்றால் வரலாற்றுக் காலத்துக்கு வந்துவிட்டோம். சிவப்புக்கு ஹெமடைட் என்கிற இரும்புத் தாது, வெள்ளைக்குச் சுண்ணாம்பு வகை மண். மழைநீர் படாத வளைவுக்குள் இருப்பதால்தான் இத்தனை காலம் தாங்கியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். மூன்றாம் எண் ஆடிட்டோரியம் குகை. இரண்டு பக்கமும் திறந்த நீண்ட சுரங்கம் போன்ற அமைப்பு, நடுவில் ஒரு பெரும்பாறை. அதில் கிண்ணம் போலக் குடைந்த சிறு குழிகள் இருக்கின்றன. மனிதன் வேண்டுமென்றே குடைந்தவை. மிக மிகப் பழையவை என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், வயதில் ஒத்த கருத்து இல்லை. ஓவியத்தைத் தேடி வந்தவர்கள் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள்.

இந்தக் குகையின் கூரையைப் பற்றி ஒரு கிளைக்கதை. கிரெகரி ரெட்டாலாக் என்ற நிலவியலாளரின் குழு, இங்கே டிக்கின்சோனியா என்ற 55 கோடி ஆண்டு பழைய உயிரினத்தின் புதைபடிவம் கூரையில் ஒட்டியிருக்கிறது என்று 2021இல் ஆய்விதழில் எழுதியது. உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு ஜோசஃப் மீர்ட் என்ற இன்னொரு நிலவியலாளரின் குழுவினர் நேரில் வந்து பார்த்தால், அந்தப் "புதைபடிவம்" பாறையிலிருந்து உரிந்து விழ ஆரம்பித்திருந்தது. அது பழைய தேன்கூட்டின் தடம்! ரெட்டாலாக்கும் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பாறையோ சுமார் நூறு கோடி ஆண்டுப் பழையது என்பது மீர்ட் தரப்பின் கணக்கு. கூட்டத்தில் அறிவியல் பைத்தியம் யாராவது இருந்தால் கூரையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தேன்கூடு என்றதும் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பாறை முகப்புகளில் மலைத்தேனீக் கூடுகள் இன்றும் தொங்கும். வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு போகாதீர்கள், புகை பிடிக்காதீர்கள், பாறையிடுக்கில் கத்தி எதிரொலி கேட்டு விளையாடாதீர்கள். ட்ரோனுக்கு அனுமதி இல்லாமல் தொல்லியல் சின்னத்தில் இடமே கிடையாது.

நான்காம் எண் பாறைக்கு "விலங்குக் காட்சிச் சாலை" என்றே பெயர். 16 வகை விலங்குகள், இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள். இங்கே குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். நின்று பார்த்தால் கால் அவசரப்படும், உட்கார்ந்தால்தான் கண் நிற்கும். வெள்ளையும் சிவப்பும் ஒன்றை ஒன்று வெட்டிப்போகும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, எது மேலே, எது கீழே என்று நால்வரும் தனித்தனியாக முடிவு செய்துவிட்டுப் பிறகு சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். பைனாகுலரை வாங்கி மறுபடி பார்ப்பார்கள். அவசரக்காரரும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். மேலே வரைந்தவன் கீழே இருந்ததை அழிக்கவில்லை, அதன் மேலேயே தன்னுடையதைப் போட்டிருக்கிறான். சுற்றிலும் வெற்றுப் பாறை எவ்வளவோ கிடக்க, இதே சுவர் ஏன் தலைமுறை தலைமுறையாகத் தேவைப்பட்டது? இதற்கு உறுதியான விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எழுந்த பிறகு மற்றப் பாறைகளில் நடை தானாகவே மெதுவாகிவிடும்.

இடையில் கைகோத்து ஆடுபவர்கள், குதிரை வீரர் கூட்டம், மான்கள் என்று வரும். அவற்றை நீங்களே கண்டுபிடியுங்கள். கடைசி 15ஆம் எண்ணை மட்டும் களைப்பில் விட்டுவிடாதீர்கள், அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. காளான் வடிவப் பாறையில், கொம்பு முளைத்த பிரம்மாண்டமான பன்றி ஒன்று சின்னஞ்சிறு மனிதனைத் துரத்துகிறது. அப்படி ஒரு விலங்கு எந்தக் காட்டிலும் இல்லை. பார்த்ததை வரைந்த அதே மலையில், பார்க்காததையும் ஒருவன் வரைந்திருக்கிறான்.

6. படம் எடுப்பதும் தொடாமலிருப்பதும்

ஃப்ளாஷ் வேண்டாம், படத்துக்கும் நல்லதில்லை. நிழலான பகுதியில் நேராக நின்று, முடிந்த அளவு பெரிய கோப்பாக எடுங்கள். ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெச் என்ற மென்பொருள், கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிய நிறத்தைக்கூடப் படத்திலிருந்து பிரித்துக் காட்டும். உலகெங்கும் பாறை ஓவிய ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. அறைக்கு வந்து அதில் போட்டுப் பார்த்தால், வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் கால்களும் கொம்புகளும் எழுந்து வரும்.

தண்ணீர் தெளித்தால் ஓவியம் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படித் தெளித்துத்தான் பல ஊர்களில் ஓவியங்கள் உப்புப் பூத்துப் போயின. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் கெடுதல்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெயர் கிறுக்குகிறவர்களைத் தடுக்க அதைவிடப் பக்கத்தில் நிற்கிறவரின் ஒரு அதட்டல் நன்றாக வேலை செய்யும்.

7. மதியம்: போஜ்பூர்

சாப்பிட்டுவிட்டு ஒபைதுல்லாகஞ்ச் வழியாகத் திரும்பும்போது போஜ்பூர். 11ஆம் நூற்றாண்டில் பரமார அரசன் போஜன் காலத்தில் தொடங்கி முடிக்கப்படாமல் நின்றுபோன சிவன் கோயில். லிங்கம் மட்டுமே ஏழடிக்கு மேல், பீடத்தோடு சேர்த்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். சாமி கும்பிட்டுவிட்டு உடனே வண்டியேறாதீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள பாறைத் தரையில் தூண், மாடம், கட்டட வரைபடம் என்று சிற்பிகள் கோடாகக் கீறி வைத்திருக்கிறார்கள். பின்பக்கம், கற்களை மேலே இழுத்துப்போகப் போட்ட மண் சரிவும் அப்படியே கிடக்கிறது. காலையில் பாறையில் கோடு தேடிய கண்ணுக்கு இது தனி விருந்து. இரவு போபாலிலேயே தங்கிவிடுங்கள்.

8. மூன்றாம் நாள்: ஆதம்கட் வழியாகப் பச்மடி

மறுபடி அதே நெடுஞ்சாலையில் தெற்கே. வழியெங்கும் ராதாபானி காடு, 2024 டிசம்பரில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் ஓட்ட வேண்டாம். புத்னியில் மர பொம்மைக் கடைகள் வரிசையாக வரும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நிறுத்துங்கள்.

நர்மதையைத் தாண்டினால் நர்மதாபுரம், பழைய பெயர் ஹோஷங்காபாத். ஊருக்குத் தெற்கே சற்றுத் தள்ளி ஆதம்கட் குன்று. சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும். இதை ஏன் சேர்க்கிறேன் என்றால், இங்கே 1960–61இல் ஆர். வி. ஜோஷியும் எம். டி. கரேயும் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான நுண்கற்கருவிகளோடு ஆடு, மாடு, நாய் முதலிய வீட்டு விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. பீம்பேட்கா சுவரில் நேற்றுப் பார்த்த வேட்டைக்காரர்கள் எப்போது கால்நடை பழக்கினார்கள் என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வரும் இடம் இது. ஓவியங்கள் பீம்பேட்கா அளவுக்குத் தெளிவாக இல்லை, அதனால்தான் இதை இரண்டாவதாகப் பார்க்கச் சொல்கிறேன். நேரமிருந்தால் சேட்டானி காட் படித்துறையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். பிபரியா வழியாகப் பச்மடிக்கு இருட்டுவதற்குள் ஏறிவிட வேண்டும்.

9. நான்காம் நாள்: பச்மடி

பச்மடி மலையூர், சத்புரா புலிகள் காப்பகத்தின் நடுவில். காட்டுக்குள் உள்ள பல இடங்களுக்கு உங்கள் கார் போகாது. அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளூர் ஜிப்சி ஜீப்பில்தான் போக வேண்டும். வாடகை பேசும்போதே "அருவி வேண்டாம், ஓவியப் பாறைகள் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வழக்கமான சூரிய அஸ்தமன இடங்களுக்கே கூட்டிப்போவார்கள். எந்தப் பாறைக்கு அன்று அனுமதி உண்டு என்பதை வனத்துறையிடமே கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.

ஜடாசங்கர் பக்கத்தில் ஹார்ப்பர் குகை இருக்கிறது. யாழ் போன்ற கருவியை ஒருவர் உட்கார்ந்து மீட்டும் ஓவியத்தால் அந்தப் பெயர். பச்மடி ஓவியங்களில் பல பீம்பேட்காவின் பழைய ஓவியங்களைவிடப் பிந்தியவை. போர்க் காட்சிகள், வீட்டுக் காட்சிகள் நிறைய. மலைத்தேன் எடுக்கும் காட்சிகளும் உண்டு: கூடு, ஏணி, சுற்றிப் பறக்கும் தேனீக்கள். பாண்டவர் குகை என்று எல்லோரும் கூட்டிப்போகும் இடம் பிற்காலத்தில் குடைந்தது, நம் தேடலுக்குச் சம்பந்தமில்லை. ஊரின் பெயரோடு அது சேர்ந்துவிட்டதால் ஒரு பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்புவதற்கு மறுபடி போபால் வரை வர வேண்டியதில்லை. பிபரியாவில் ரயில் நிலையம் உண்டு. ஆனால் சென்னை வண்டிகளுக்கு இடார்சிதான் வசதி, அங்கே டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். கார்க்காரர் இடார்சியில் இறக்கிவிட்டாலும் போபால் வரை திரும்பும் கிலோமீட்டருக்குக் காசு கேட்பார், அதுதான் வழக்கம். அந்தத் தொகையையும் முதல் நாளே பேசி, பொதுக் கணக்கில் எழுதி வைத்துவிடுங்கள்.